லேப்டாப்புக்கு ஆகாத காத்து

எங்க வூட்டுல எல்லாத்துக்கும் சட்டை உண்டு. டிவிக்கு ஒண்ணு, மிக்ஸிக்கு ஒண்ணு, தண்ணி ட்ரம்முக்கு ஒண்ணு. சோத்துப் பானை மேல தட்டு, தட்டு மேல துணி. பழைய நைட்டியைக் கிழிச்சு அம்மா கையாலயே தச்சது எல்லாம். எதுக்கு இவ்ளோன்னு கேக்கறவங்க ஆனி ஆடி மாசத்துல எண்ணூர் பக்கம் வந்து ஒரே ஒரு நாள் தங்கிப் பாக்கட்டும். மேக்காத்து அடிக்க ஆரம்பிச்சா கரண்ட் எடுக்கற பிளாண்ட்டுச் சாம்பல் வரும். காலையில காயப்போட்ட வெள்ளைப் பாவாடையை சாயந்தரம் எடுக்கறப்ப அது வேற கலர்ல இருக்கும். பெருக்கின தரையில ஒரு மணி நேரம் கழிச்சு நடந்தா கால் தடம் விழும். லாரித் தூசி தனி. பொறந்ததுலேர்ந்து இதான், அதனால யாரும் இதைப் பத்திப் பேசிக்கறதில்ல. தொடைப்போம், மூடுவோம், மறுபடி தொடைப்போம்.

இப்படிப்பட்ட வூட்டுக்கு ஒரு லேப்டாப் வந்தா என்ன ஆகும்னு நான் யோசிச்சிருக்கணும். யோசிக்கல. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

நான் பாக்கறது இன்சூரன்ஸ் க்ளெய்ம் வேலை. ஆஸ்பத்திரி பில்லு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாத்தையும் ஸ்கிரீன்ல பாத்து, ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுதான்னு சரிபாத்து, அடுத்த ஆளுக்கு அனுப்பணும். ஆஃபீஸ் ஊரோட அந்தக் கோடியில, பழைய மகாபலிபுரம் ரோட்டுல இருக்கு. இங்கேருந்து ரெண்டு பஸ், ஒரு ட்ரெயின். நல்ல நாளுலயே ரெண்டரை மணி நேரம் ஆகும்.

நாலு வருஷம் அப்படித்தான் போய்ட்டு வந்தேன். போன வருஷம் அம்மா பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துச்சு. தொடையில ராடு வச்சாங்க. காசிமேட்டுல மீன் கூடையைத் தலையில வச்சுகினு வெயில்ல தெருத் தெருவா நடந்த பொம்பள, இப்ப என் தோளைப் புடிக்காம கட்டில்லேர்ந்து எழுந்துக்க முடியாது. வூட்டுல நானும் அதுவும்தான். அப்பா போய்ட்டாரு. எனக்குக் கல்யாணம்னு ஒண்ணு நடந்துச்சு, முடிஞ்சும் போச்சு, அந்தக் கதை இங்க வேணாம்.

எங்க டீம் லீடர் என்னை விட எட்டு வயசு சின்னவ. நல்ல பொண்ணு. மேல பேசி, வூட்லேர்ந்தே வேலை பாக்கலாம்னு எனக்கு பர்மிஷன் வாங்கிக் குடுத்தா. ஒரே கண்டிஷன்தான். ஷிஃப்ட் நேரத்துல சிஸ்டம் நிக்கக் கூடாது. நின்னா என் பேர்ல ஒரு தப்புன்னு எழுதுவாங்க. மூணு தடவ எழுதினா மறுபடி ஆஃபீஸ்தான். ஆக, அந்த லேப்டாப் ஓடற வரைக்கும் எங்கம்மா மனுஷியா பாத்ரூமுக்குப் போகும். எனக்கு விஷயம் அவ்ளோதான்.

லேப்டாப் வந்த அன்னைக்கே அம்மா அதுக்கும் ஒரு சட்டை தச்சுருச்சு. நீலப் பூப்போட்ட நைட்டித் துணி. வேலை முடிஞ்சதும் அதை மாட்டி மூடி வைப்போம். கார்த்திகை, மார்கழி, தை எல்லாம் ஒரு வம்பும் இல்ல. பங்குனி பொறந்ததும் உள்ள ஃபேன் சத்தம் போட ஆரம்பிச்சுது. முதல்ல லேசா, அப்புறம் பக்கத்து ரூம்ல மாவு அரைக்கற மாதிரி.

"இன்னாமே இது, மாடிப்படி ஏறின கெய்வி மாதிரி மூச்சு வாங்குது?" அம்மா கேட்டுச்சு.

திருப்பிப் பாத்தேன். வயித்துல வரி வரியா ஓட்டை. அந்த ஓட்டை முழுக்க சாம்பல். பக்கவாட்டுல இன்னொரு வரிசை, அங்கேயும் அதே. துணியால தொடச்சேன். மறுநாள் பாத்தா மறுபடி நெரம்பி இருக்கு. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு யோசனை, அதைத்தான் இன்னைக்கு வரைக்கும் நெனச்சு நெனச்சு எரிஞ்சுகினு இருக்கேன்.

எங்க தெருவுல எந்தக் குழாயைப் பாத்தாலும் வாயில ஒரு துணி கட்டியிருக்கும். கார்ப்பரேஷன் தண்ணியா இருந்தாலும் சரி, லாரித் தண்ணியா இருந்தாலும் சரி. அழுக்கு துணியில நின்னுடும், தண்ணி கொடத்துல எறங்கும். துணி கறுத்தா அலசிக் கட்டுவோம். பேச்சு வர்றதுக்கு முன்னாடியே இதைப் பாத்து வளர்ந்தவ நான். அதனால அம்மாவோட நைஞ்ச காட்டன் புடவையை வெட்டி, ரெட்டையா மடிச்சு, லேப்டாப் வயித்துல கட்டினேன். கட்டறதுன்னா, அம்மா ஆபரேஷனுக்கு வாங்கி மிஞ்சிப்போன பிளாஸ்திரி இருந்துச்சு, அதால நாலு பக்கமும் ஒட்டினேன். பக்கத்து ஓட்டையை மட்டும் சும்மா வுட்டேனா? அதுக்கும் ஒண்ணு.

சாயந்தரம் பிரிச்சா துணி கருப்பா இருக்கும். அதை அம்மா கிட்ட காட்டுவேன். "எவ்ளோ புடிச்சிக்கீது பாத்தியா" அப்படின்னு ரெண்டு பேரும் சந்தோஷப்படுவோம். பெரிய விஞ்ஞானின்னு நெனப்பு எனக்கு. மண்டையில களிமண்ணு.

சித்திரை வெயில் ஏறிச்சு. ஜன்னலைத் தொறந்தா சாம்பல், சாத்தினா ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழ அடுப்புல உக்காந்த மாதிரி. லேப்டாப் மேல் வரிசை எழுத்தைத் தொட்டா விரல் சுட்டுச்சு. நான் ஒண்ணு டைப் பண்ணினா அது நெதானமா அரை நிமிஷம் கழிச்சு வரும். ஒரு நாள் மத்தியானம், ஒரு இருதய ஆபரேஷன் பில்லு பாதியில இருக்கறப்ப, ஸ்கிரீன் இருட்டாயிடுச்சு. செத்துட்டுதுன்னு நெனச்சேன். இருபது நிமிஷம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி எழுந்துச்சு. அதுக்குள்ள முதல் தடவ எழுதிட்டாங்க.

சாயந்தரமே தூக்கிகினு திருவொத்தியூர் ஹைரோடுக்குப் போனேன். அங்க ஒரு மாடிப்படிக்கு அடியில லேப்டாப் ரிப்பேர் கடை இருக்கு. கடைக்காரர் நடு வயசு ஆளு. திருப்பிப் பாத்தாரு. பிளாஸ்திரியைப் பாத்தாரு. அப்புறம் என்னைப் பாத்தாரு.

"யாருக்கா இதுக்குக் கட்டுப் போட்டது?"

"நான்தான்."

சிரிக்க ஆரம்பிச்சவர் என் மூஞ்சியைப் பாத்து நிறுத்திகினாரு. துணியைப் பிரிச்சு கீழ இருக்கற ஓட்டையை விரலால காட்டினாரு.

"இங்க காத்த இழுக்குதுக்கா. உள்ள ஃபேன் அந்தக் காத்த வச்சு சூட்ட வாரிகினு போயி பக்கத்து ஓட்ட வழியா வெளிய தள்ளுது. நீ இழுக்கற மூக்கையும் பொத்திட்ட, வுடற வாயையும் பொத்திட்ட. அப்ப சூடு எங்க போவும்? உள்ளயே நிக்கும். ரொம்ப ஏறிச்சுன்னா தானா ஆஃப் ஆயிடும். ஆவலன்னா எரிஞ்சிடும்."

"குழாய்ல கட்டறோமே, தண்ணி வருதே."

"தண்ணிக்குத் தள்ற வேகம் கீதுக்கா. இது தம்மாத்தூண்டு ஃபேன். இதுக்கு எங்க அந்த தெம்பு?"

பக்கத்து ஓட்டையில டார்ச் அடிச்சு என்னைப் பாக்கச் சொன்னாரு. உள்ள வரி வரியா தகடு, அதுக்கும் ஃபேனுக்கும் நடுவுல கம்பளித் துண்டு மாதிரி ஒண்ணு அடைச்சுகினு இருந்துச்சு. சாம்பலும் உப்புக்காத்தும் என் புடவை நூலும் சேந்து ஒட்டினது. தொறந்து பிரஷ் போட்டு ஊதினா பத்து நிமிஷ வேலைன்னாரு. ஆனா ஸ்க்ரூ மேல கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. அதைக் கிழிச்சா, தொறந்ததுக்கு கம்பெனி கிட்ட நான்தான் பதில் சொல்லணும். பத்து நிமிஷ வேலை, அதுக்கு நடுவுல கட்டை விரல் சைசுல ஒரு ஸ்டிக்கர். கிழிச்சுப் போட்டுட்டு வந்திருக்கணும் நான். பயந்துட்டேன்.

"துணிய எடுத்துடு. நாலு மூலைக்கும் நாலு சோடா மூடி வச்சு தூக்கி வை, கீழ காத்து பூரும். கட்டில்ல, தலகாணில வைக்காத. டேபிள் ஃபேன அது மேல திருப்பாத, தூசிய நீயே ஊட்டி வுட்ற மாதிரி ஆயிடும்."

"துணியை எடுத்தா சாம்பல் உள்ள போவுது. கட்டினா சூடு ஏறுது. நான் என்னதான் பண்றது?"

"வூட்ட மாத்துக்கா" அப்படின்னாரு. தமாஷுக்குத்தான் சொன்னாரு. எனக்கு அப்படியே பத்திகினு வந்துச்சு. நீ மாத்திட்டியா வூட்டைன்னு கேட்டுட்டு லேப்டாப்பைப் புடுங்கிகினு வந்துட்டேன். பாவம், அந்த மனுஷன் காசு கூட வாங்கல.

சோடா மூடி வச்சேன். ஜன்னலைச் சாத்தி, வேர்த்து ஊத்த வேலை பாத்தேன். வைகாசி ஒரு மாதிரி ஓடிச்சு. ஆனி மாசம் மேக்காத்து ஏறினதும் ரெண்டாந்தடவ நின்னுச்சு. அப்ப அம்மா பாத்ரூமுக்குப் பாதி வழியில என் தோள்ல தொங்கிகினு இருந்துச்சு. திரும்பி வந்து பாக்கறப்ப ஸ்கிரீன் இருட்டு. இந்தத் தடவ கம்பெனியே ஆள் அனுப்பி லேப்டாப்பை வாங்கிகினு போச்சு. நாலு நாள்ல சுத்தம் பண்ணித் திருப்பி அனுப்பினாங்க. கூடவே ஒரு ரிப்போர்ட்டு, ஃபோட்டோவோட. உள்ள இருந்த அந்தக் கம்பளித் துண்டைத் தனியா எடுத்து வெள்ளைப் பேப்பர்ல வச்சு படம் புடிச்சிருந்தாங்க. கீழ எழுதியிருந்தது இதான்: காத்து போற வழி வேணும்னே அடைக்கப்பட்டிருக்கு, பயன்படுத்தறவரோட அலட்சியம்.

அலட்சியம். ஒரு நாளைக்கு நாலு தடவ வூட்டைத் தொடைக்கறவளைப் பாத்து.

கம்பெனியில லேப்டாப்பெல்லாம் பாத்துக்கற பிரிவுலேர்ந்து ஒருத்தர் வீடியோ கால்ல வந்தாரு. பின்னாடி கண்ணாடிச் சுவர், அதுக்குப் பின்னாடி செடி. "மேடம், லேப்டாப்பை கிச்சன்லயா வச்சு யூஸ் பண்றீங்க?" அப்படின்னு மெல்லிசா கேட்டாரு. இல்ல சார், டேபிள்ல. "ரெகுலரா க்ளீன் பண்றதுண்டா?" எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிடுச்சு. ஆஃபீஸ் ஆளுங்க கிட்ட நான் எங்க தெரு பாஷையில 'கீது'ன்னு பேசாம 'இருக்கு'ன்னுதான் பேசுவேன். அன்னைக்கு எல்லாம் பறந்துடுச்சு.

"சார், இங்க காத்துலயே சாம்பல் கீது சார். நீங்க சொல்ற தூசி எங்க வூட்டுது இல்ல. அது வர்ற எடத்துல போயி கேளுங்க அலட்சியமான்னு."

அவர் கோவப்படல. அதுதான் எனக்கு இன்னும் கோவம். "ப்ரூஃப் இருந்தா அனுப்புங்க மேடம், கன்ஸிடர் பண்றோம். ஒரு வாரம் டைம்" அப்படின்னு முடிச்சுகினாரு.

ப்ரூஃபா வேணும், இருடான்னு கிளம்பினோம் நானும் அம்மாவும். ஏழு கைக்குட்டை வாங்கினேன். "நல்ல வெள்ளையா வாங்கு, சந்தன கலரு குடுத்து ஏமாத்துவான்" அப்படின்னு அம்மா கட்டில்லேர்ந்தே கத்துச்சு. தினம் காலையில ஒன்பது மணிக்குப் புதுக் கைக்குட்டையை லேப்டாப் பக்கத்துல விரிச்சு ஒரு ஃபோட்டோ. ஜன்னல் சாத்தினதையும் ஒரு ஃபோட்டோ. சாயந்தரம் அஞ்சு மணிக்கு அதே கைக்குட்டை மறுபடி ஒரு ஃபோட்டோ, நடுவுல விரலால ஒரு கோடு இழுத்து. கோடு வெள்ளையா தெரியும், மத்ததெல்லாம் சாம்பல். அம்மாவுக்கு அந்த வாரம் உடம்பே தேறிட்ட மாதிரி இருந்துச்சு. தினம் எழுந்து உக்காந்து, "இன்னிக்கு நல்லா வுய்ந்துக்கீது, இத்த பெருசா எடு" அப்படின்னு சொல்லிகினே இருந்துச்சு. பொறந்ததுலேர்ந்து சாம்பலைத் திட்டிகினே இருந்த நாங்க ஒரு வாரம் அது நல்லா வுழணும்னு காத்துகினு இருந்தோம்.

ஏழு நாளு ஃபோட்டோவையும் வரிசையா வச்சு, மரியாதையா ஒரு லெட்டர் எழுதி அனுப்பினேன். மறுநாளே பதில் வந்துச்சு. இங்கிலீஷ்ல இருந்ததை அம்மாவுக்குத் தமிழ்ல படிச்சுச் சொன்னேன்.

"அலட்சியம்னு எழுதினதை எடுத்துடறாங்களாம். உங்க பேர்ல தப்பில்லன்னு ஒத்துக்கறோம்னு போட்டிருக்கு."

"அப்டி போடு" அப்படின்னு அம்மா தொடையில தட்டப் போயி, ராடு வச்ச தொடைன்னு ஞாபகம் வந்து கட்டில்ல தட்டுச்சு. "அப்பால இன்னா போட்டுக்கீது?"

அப்பால இருந்ததை நான் அதுக்குள்ள கண்ணால படிச்சுட்டேன். ஸ்கிரீனை மூடப் போனேன். அம்மா விடல. படிச்சேன். நான் அனுப்பின படங்களைப் பாக்கறப்ப, இந்த இடம் கம்பெனி கருவி வைக்கறதுக்குத் தகுந்த இடம் இல்லையாம். சுத்தி இருக்கற காத்து கருவியைக் கெடுக்குமாம். அதனால லேப்டாப்பைத் திரும்ப எடுத்துக்கறாங்களாம். நான் அடுத்த வாரத்துலேர்ந்து ஆஃபீஸுக்கு வரலாமாம்.

அம்மா டேபிள் மேல இருந்த லேப்டாப்பைக் கையால காட்டிச்சு.

"மெஷினுக்கு ஆவாதாமா இந்தக் காத்து?"

"ஆவாதாம்."

"சர்தான்" அப்படின்னுட்டு தலகாணி பக்கத்துல இருந்த துணியை எடுத்து கட்டில் கம்பியைத் தொடைக்க ஆரம்பிச்சுது.

எனக்கு அந்த நிமிஷம் வந்த ஆத்திரத்தை எங்க கொண்டு போயி கொட்டறதுன்னே தெரியல. அறுபது வருஷமா எங்கம்மா இந்தக் காத்தைத்தான் இழுத்துகினு இருக்கு. மழைக்காலம் வந்தா ராத்திரியெல்லாம் இருமும். எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை டாக்டர். இது மனுஷி இருக்கத் தகுந்த இடம் இல்லன்னு ஒருத்தனாவது ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்திருப்பானா? எட்டு மாசம் கூட ஆகாத ஒரு லேப்டாப்புக்கு ஒரே வாரத்துல எழுதிட்டானுங்க. அதுக்கு ப்ரூஃப் சேத்துக் குடுத்தது நானு. வெள்ளைக் கைக்குட்டை வாங்கி, கோடு இழுத்து, பெருசா படம் புடிச்சு.

டீம் லீடருக்கு ஃபோன் பண்ணேன். அவ பேசிப் பாத்தா, நடக்கல. கடைசியில தயங்கித் தயங்கி, "அக்கா, நீங்க அந்த ஃபோட்டோ அனுப்பாமலே இருந்திருக்கலாம். இன்னும் ஒரு சான்ஸ் இருந்துச்சு உங்களுக்கு" அப்படின்னா. உண்மைதான். அலட்சியக்காரின்னு பேர் வாங்கிகினு கம்முனு இருந்திருந்தா லேப்டாப் வூட்டுல இருந்திருக்கும்.

எடுத்துகினு போக வந்த பையன் வாயில மாஸ்க்கு போட்டுகினு வந்தான். குமிழ் குமிழா இருக்கற பிளாஸ்டிக் ஷீட்டு, உள்ள போடறதுக்கு ஈரம் உறிஞ்சற சின்னப் பொட்டலம், ஒரு நல்ல அட்டைப்பெட்டி. தொடச்சுக் குடுங்கன்னான். நான் நகரல. அம்மாதான் மடியில வச்சு ஒவ்வொரு எழுத்தா தொடச்சுது.

"போ ராஜாத்தி, உனுக்காச்சும் நல்ல காத்துக்குப் போற யோகம் கீது" அப்படின்னு தட்டிக் குடுத்து அனுப்பிச்சுது. அது கிண்டல் பண்ணுதா, நெஜமாவே சொல்லுதான்னு எனக்குத் தெரியல.

ஞாயித்துக்கிழமை மெடிக்கல்ல பெரியவங்களுக்குக் கட்டற டயப்பர் ஒரு பாக்கெட் வாங்கினு வந்தேன். அம்மா அதைப் பாத்ததும் என் மேலேயே விட்டெறிஞ்சுது. பக்கத்து வூட்டு அக்கா மத்தியானம் ஒரு மணிக்கு வந்து சோறு போட்டுத் தரேன்னு சொல்லிச்சு, அதுவும் வேலைக்குப் போற ஆளு, அதுக்கு மேல கேக்க முடியாது. திங்கக்கிழமை காலையில, நான் கிளம்பற நேரத்துல, அம்மா மூஞ்சியைச் சொவத்துப் பக்கம் திருப்பிகினு, "வந்து கட்டு" அப்படின்னுச்சு. கட்டினேன். அம்மா கண்ணை மூடிகினு இருந்துச்சு. பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சுன்னு ஓடினேன்.

ஆஃபீஸ்ல என் சீட்டுல ஒரு லேப்டாப் வச்சிருந்தாங்க. திருப்பிப் பாத்தேன். வயித்துல நான் ஒட்டின பிளாஸ்திரியோட பசைத் தடம் அப்படியே இருந்துச்சு. அதே மெஷின்தான். ஏசியில எனக்குப் பல்லு அடிச்சுது, பக்கத்து சீட்டுப் பொண்ணு ஸ்வெட்டர் போட்டிருந்தா. கண்ணாடி ஜன்னல், தொறக்கறதுக்குக் கொண்டி கூட இல்ல. டேபிள் மேல விரலை வச்சு இழுத்துப் பாத்தேன், ஒண்ணுமே ஒட்டல. லேப்டாப் ஜில்லுனு இருந்துச்சு. ஃபேன் ஓடுதா இல்லையான்னு காதை வச்சுக் கேட்டாத்தான் தெரியும். தூக்கித் தரையில அடிச்சு ஒடைக்கணும் போல இருந்துச்சு எனக்கு.

பதினோரு மணிக்கு வூட்டுக்கு ஃபோன் பண்ணேன்.

"இன்னாமே, மெஷினு நல்லா கீதா?" எடுத்ததும் அம்மா கேட்டது அதான்.

"நல்லா கீதும்மா. நீ எப்டி கீற?"

"எனுக்கு இன்னா."

பின்னாடி காத்து சத்தம் கேட்டுச்சு. எனக்கு அப்பத்தான் சொரேர்னுச்சு. காலையில தோசை சுட்ட பொகை போகட்டும்னு மேக்கால ஜன்னலைத் தொறந்து வுட்டேன். சாத்தாம வந்துட்டேன்.

"எம்மா, ஜன்னலு தொறந்தா கீது?"

"கீது. எய்ந்துக்க முடிஞ்சா சாத்த மாட்டேனா?" இருமிட்டு மறுபடி பேசிச்சு. "நீ பேஜாராவாத, வேலயப் பாரு. அந்த லேப்டாப்பு சட்ட சும்மாதான கீது. அத்த எடுத்து மூஞ்சி மேல போட்டுகினு படுத்துகினு கீறேன்."

பக்கத்து வூட்டு அக்கா வர்றதுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்துச்சு.